'ஃபேமிலியா, பேச்சிலரா?': வாடகை வீட்டில் நண்பர்கள், மணமாகாத ஜோடிகள் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து ஏற்காடு சாலையில் கொஞ்ச தூரம் போய், பக்கத்துத் தெரு ஒன்றுக்குள் திரும்புங்கள். ஏதாவது ஒரு கேட்டில் டு-லெட் அட்டை தொங்கும். அதில் இருக்கும் நம்பருக்கு போன் போட்டால், பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணா, டு-லெட் போர்டு பார்த்தேனுங்க. வீடு இருக்குதுங்களா?"

"இருக்குது தம்பி. ஃபேமிலியா, பேச்சிலரா?"

"நாங்க மூணு பேருங்க. மூணு பேருமே வேலைக்குப் போறோம்..."

"பேச்சிலருக்கு விடறதில்ல தம்பி. தப்பா நெனச்சுக்காதீங்க."

வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் வருமா என்கிற கட்டத்துக்கே பேச்சு போகவில்லை. இரண்டாவது கேள்வியிலேயே முடிந்துவிட்டது. போன் செய்தவர் ஒரு பெண்ணாகவும், உடன் தங்கப்போகிறவர் அவர் காதலிக்கும் ஆணாகவும் இருந்தால், அந்தக் கேள்விக்கு இன்னொரு பதில் தயாராக இருக்கும்: "ஃபேமிலிதாங்க, இப்பத்தான் கல்யாணம் ஆச்சு." வீடு கிடைத்துவிடும். ஆனால் உரிமையாளர், குடியேறுபவர் இருவருக்குமே சிக்கல் தொடங்குவது அந்தப் பொய்யில்தான்.

நீதிமன்ற வளாகம், மத்திய சிறை, சாரதா கல்லூரி சாலை, சுற்றிலும் மருத்துவமனைகள், வங்கிகள் என்று வேலைக்கு வருபவர்களும் படிக்க வருபவர்களும் வீடு தேடும் பகுதி அஸ்தம்பட்டி. ஜூனியர் வக்கீல், ஷிப்ட் பார்க்கும் செவிலியர், வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை செய்யும் ஐடி ஊழியர் என்று பலரும் தனி ஆட்களாகத்தான் வருகிறார்கள். அவர்களுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் நடுவில் நிற்பது சட்டமா, பழக்கமா?

மணமாகாத இருவர் ஒரே வீட்டில் இருப்பது குற்றமா?

இல்லை. இதை உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன வழக்குக்கும் சேலம் மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டு.

2005-ல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாடு முழுக்க அவர் மீது குற்றவியல் புகார்கள் குவிந்தன. அந்த ஆண்டு நவம்பரில் மேட்டூர் நீதிமன்றத்தில் அவர் ஆஜராக வந்தபோது முட்டையும் தக்காளியும் பறந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 ஏப்ரல் 28 அன்று, அவர் மீதான 23 புகார்களையும் நீதிமன்றம் ரத்து செய்தது. வயது வந்த இருவர் தங்கள் விருப்பப்படி சேர்ந்து வாழ்வது எந்தச் சட்டப்படியும் குற்றம் ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான பகுதி. சமூகத்தில் பலருக்கு அது பிடிக்காமல் இருக்கலாம், பிடிக்காதது எல்லாம் குற்றம் ஆகிவிடாது என்பதுதான் நீதிமன்றத்தின் நிலை.

2018-ல் கேரளத்தைச் சேர்ந்த நந்தகுமார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அங்கே மணமகனுக்கு 21 வயது நிறையவில்லை. ஆனாலும் இருவரும் 18 வயதைத் தாண்டியவர்கள், திருமணம் இல்லாமலேயே சேர்ந்து வாழ அவர்களுக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம்.

உரிமையாளர் மீது வழக்கு வருமா?

வீட்டுக்காரர்களின் உண்மையான பயம் இதுதான். "நாளைக்கு போலீஸ் வந்தா நான்ல பதில் சொல்லணும்?" என்பார்கள்.

இந்தப் பயத்துக்குப் பதில் பக்கத்து ஊரிலேயே கிடைத்தது. 2019 ஜூனில் கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் இருந்தார்கள், இன்னோர் அறையில் மது பாட்டில் இருந்தது என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மணமாகாத ஜோடி ஓர் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்ட நீதிபதி எம்.எஸ். ரமேஷ், சேர்ந்து வாழ்வதே குற்றம் இல்லை என்னும்போது அறையில் தங்குவது எப்படிக் குற்றம் ஆகும் என்றார். சீலை அகற்ற உத்தரவிட்டார். முன்னறிவிப்பு இல்லாமல், விளக்கம் கேட்காமல் சீல் வைத்த நடைமுறையும் தவறு என்று சொன்னார்.

உரிமையாளர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. தெரிந்தே தன் வீட்டை விபச்சார விடுதியாக நடத்த விட்டால், 1956-ம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம் பாயும். ஆனால் லாபத்துக்காகப் பாலியல் சுரண்டல் நடக்கும் இடத்தைத்தான் அந்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வேலைக்குப் போய்விட்டு வந்து சமைத்துச் சாப்பிடும் ஜோடியின் வீடு அதில் வராது. அடுத்தது வயது. 18 நிறையாத ஒருவர் இருந்தால் போக்சோ சட்டம் குறுக்கே வரும். அதனால் உரிமையாளர் கல்யாணப் பத்திரிகையைக் கேட்பதைவிட, ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியைப் பார்ப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

எல்லா மாநிலத்திலும் நிலைமை ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் நடைமுறையில் உள்ள பொது சிவில் சட்டப்படி, சேர்ந்து வாழும் ஜோடிகள் தங்கள் உறவைப் பதிவு செய்ய வேண்டும், தவறினால் தண்டனை உண்டு. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் கிடையாது.

அப்படியானால் வீடு தர மறுப்பது தவறா?

இங்கேதான் பலருக்கும் தெரியாத இடைவெளி இருக்கிறது. 'கல்யாணம் ஆகாதவர்', 'பேச்சிலர்' என்கிற காரணத்துக்காக ஒரு தனிநபர் தன் வீட்டை வாடகைக்குத் தர மறுத்தால், அதைத் தடுக்கும் நேரடிச் சட்டம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. அரசமைப்புச் சட்டம் பாகுபாட்டுக்கு எதிராகத் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் அரசை நோக்கியது. கேட்டில் அட்டை தொங்கவிடும் தனிநபர் வீட்டுக்காரருக்கு அது அப்படியே பொருந்தாது.

சில விதிவிலக்குகள் உண்டு. 2019-ம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம், திருநர் என்பதற்காக ஒருவருக்கு வீடு வாடகைக்குத் தர மறுப்பதைத் தடை செய்கிறது. 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், அந்தத் தொற்று உள்ளவர்களுக்கும் இதே பாதுகாப்பைத் தருகிறது. ஆக, 'வாடகையில் பாகுபாடு கூடாது' என்பதை நம் சட்டம் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மற்றவர்களுக்கு இன்னும் விரிவாக்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே உரிமையாளருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது. நம் கேள்வி, அந்த உரிமையை எதை வைத்துப் பயன்படுத்துகிறார் என்பது.

வீட்டுக்காரர்களின் குறைகளில் நியாயம் இல்லையா?

நிச்சயம் இருக்கிறது. மூன்று பேர் என்று சொல்லி வந்து ஆறு பேர் தங்குவார்கள். மேல்நிலைத் தொட்டி மதியத்துக்குள் காலியாகிவிடும். இரவு பன்னிரண்டு மணிக்கு பைக் சத்தம் கேட்கும், கீழ் வீட்டில் வயதானவர்கள் இருப்பார்கள். ஒருவர் வேலை மாறிப் போய்விடுவார், மீதி இரண்டு பேரும் "அவன் பங்கை அவன்கிட்டயே கேளுங்கண்ணா" என்பார்கள்.

ஜோடிகள் விஷயத்தில் இன்னொரு பயம் சேர்கிறது. பெண்ணின் வீட்டார் தேடி வந்து கேட்டில் நின்றால் என்ன செய்வது? சேலம், நாமக்கல் பக்கத்தில் இதை வெறும் கற்பனைப் பயம் என்று தள்ளிவிட முடியாது. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலில் தோழியுடன் பேசிக்கொண்டிருந்த பிறகு காணாமல் போனார். மறுநாள் அவரது உடல் ரயில் பாதையில் கிடந்தது. சாதிவெறிக் கொலை என்று நிரூபிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023-ல் உயர் நீதிமன்றமும் அவர்களில் பெரும்பாலானோருக்கு அதை உறுதி செய்தது. இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசியதே உயிரைப் பறித்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக்காரர் தயங்குவது புரிகிறது.

ஆனால் அந்த ஆபத்து யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். கதவு மூடப்படும்போது அதிக ஆபத்தில் நிற்பது அந்த இருவர்தான். 2018-ம் ஆண்டின் சக்தி வாஹினி தீர்ப்பில், இப்படி மிரட்டப்படும் ஜோடிகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் உட்பட உதவி செய்ய மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மிரட்டல் வந்தால் உரிமையாளர் செய்ய வேண்டியது காவல்துறைக்குத் தகவல் சொல்வதுதான். உண்மையான பெயர்களோடு ஒப்பந்தம் கையில் இருந்தால், அந்தத் தகவலைத் தைரியமாகச் சொல்லலாம்.

ஒரு பொய் ஒப்பந்தத்தால் யாருக்கு நஷ்டம்?

"கல்யாணம் ஆயிடுச்சு" என்று சொல்லிக் குடியேறும் ஜோடிகளில் வழக்கமாக என்ன நடக்கும்? ஆதாரில் கணவர் பெயர் இருக்காது, விலாசம் வேறாக இருக்கும். அதனால் பெண்ணின் ஆவணங்களை வெளியே எடுக்காமலேயே, ஆணின் பெயரில் மட்டும் ஒப்பந்தம் போடுவார்கள். அட்வான்ஸில் பாதி அவர் சம்பளத்திலிருந்து போயிருந்தாலும், ரசீது ஆணின் பெயரில் இருக்கும்.

ஒருநாள் உறவு முறிந்தால், அந்த வீட்டில் தான் இருந்ததற்கே பெண்ணிடம் காகிதம் இருக்காது.

2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'திருமணம் போன்ற உறவில்' இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது. சேர்ந்து வாழ்ந்த வீடு வாடகை வீடாக இருந்தாலும் அது பொருந்தும். மாற்று வீடு ஏற்பாடு செய்யவோ, அதன் வாடகையைக் கட்டவோ எதிர்த்தரப்புக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் எல்லா உறவும் இதில் வராது. கோயம்புத்தூரிலிருந்து சென்ற வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சில நிபந்தனைகளைச் சொன்னது: இருவரும் திருமண வயதை எட்டியிருக்க வேண்டும், திருமணம் செய்துகொள்ளச் சட்டத் தடை இருக்கக் கூடாது, சமூகத்தின் முன் இணையராக அறியப்பட்டு, கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட, இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம் நல்ல சான்று.

உரிமையாளருக்கும் நஷ்டம்தான். ஒப்பந்தத்தில் இல்லாத ஒருவர் அவர் வீட்டில் வாழ்கிறார். ஆண் வாடகை பாக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டால், வீட்டில் இருப்பவரிடம் வாடகை கேட்க அவரிடம் எந்தக் கையெழுத்தும் இல்லை. காவல் நிலையத்தில் கொடுத்த வாடகைதாரர் விவரமும் பாதிதான் உண்மை. தாலியைப் பார்த்து வீடு கொடுத்தவர், கையெழுத்தைப் பார்க்க மறந்துவிட்டார்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

பழைய 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-ல் இயற்றப்பட்ட புதிய தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலம் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும், இதற்கென அரசின் இணையதளமே இருக்கிறது. '11 மாசம்தானே, பதிவு வேண்டாம்' என்பது பழைய பழக்கம். இந்தச் சட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

நண்பர்களோ ஜோடியோ, இவற்றைக் கவனியுங்கள்:

• எல்லார் பெயரும், எல்லார் கையெழுத்தும். இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) 43-வது பிரிவுப்படி, பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தால், முழுவதையும் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். உதாரணத்துக்கு, வாடகை 15,000 ரூபாய், மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் ஓடிவிட்டார். "அவன் பங்கை அவன்கிட்டயே கேளுங்க" என்று மற்றவர்கள் சொல்ல முடியாது. மீதி இருவரில் ஒருவரிடமே முழு 15,000-ஐயும் உரிமையாளர் கேட்கலாம். கட்டியவர் பிறகு மற்றவர்களிடம் அவரவர் பங்கை வசூலித்துக்கொள்ளலாம். ஒரே சம்பளத்தை நம்பி இருக்கும் குடும்பத்தோடு ஒப்பிட்டால், வாடகைக்கு இங்கே மூன்று சம்பளம் பொறுப்பு.

• ஆள் மாறினால் எழுத்தில். உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்ல அது ஒரு காரணம் ஆகும். ஒரு ரூம்மேட் போய் இன்னொருவர் வந்தால், வாட்ஸ்அப்பில் சொன்னேன் என்று விட்டுவிடாதீர்கள். துணை ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.

• அட்வான்ஸ். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். 'பேச்சிலர்னா பத்து மாசம் அட்வான்ஸ்' என்பவரிடம் இதை வைத்துப் பேரம் பேசலாம். யார் எவ்வளவு கொடுத்தார், காலி செய்யும்போது யார் கணக்குக்குத் திரும்பப் போகும் என்பதையும் எழுதுங்கள்.

• கரண்ட், தண்ணீர், பார்க்கிங். எத்தனை பேர், எத்தனை வண்டி, யூனிட்டுக்கு எவ்வளவு, விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்பவற்றை எண்ணிக்கையிலேயே எழுதிவிட்டால் சண்டைக்கு இடம் குறையும்.

• உள்ளே வரும் உரிமை. முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துத்தான் உரிமையாளர் வீட்டைப் பார்வையிட வர முடியும். கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும், பூட்டை மாற்றவும் முடியாது. வெளியேற்ற வேண்டும் என்றால் வாடகை நீதிமன்றம்தான் வழி.

ஐடி ஊழியர்களுக்கு இன்னொரு பலனும் உண்டு. பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப்படி விலக்குக் கேட்பவர்களுக்கு, பெயர் உள்ள ஒப்பந்தமும் தன் பங்கைக் கட்டிய ரசீதும் கைகொடுக்கும். ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணும் கேட்பார்கள்.

வீடு வாடகைக்கு விடுவதும் விடுதி நடத்துவதும் ஒன்றா?

இல்லை. மாடி வீட்டை மூன்று பெண்களுக்கு மொத்தமாக வாடகைக்கு விட்டால் அது வாடகை வீடு. அதே வீட்டில் கட்டில் கணக்குப் போட்டு, சாப்பாடும் கொடுத்து ஆள் சேர்த்தால் அது விடுதி. பெண்கள் விடுதிகளை 2014-ம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். காவலாளி, கேமரா என்று பாதுகாப்பு விதிகளும் உண்டு. பதிவு பெற்ற விடுதி வேண்டும் என்பவர்களுக்குச் சேலம் உட்பட பல ஊர்களில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. வாடகை வீட்டில் குடியிருக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு 'ராத்திரி ஒன்பது மணிக்கு கேட் பூட்டிருவேன்மா' என்று விடுதி விதியைப் போடுவது, நைட் ஷிப்ட் பார்க்கும் செவிலியருக்கு வீடே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

அட்டையில் என்ன எழுதலாம்?

காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு ஒவ்வொரு மாதமும் நஷ்டம் உரிமையாளருக்குத்தான். 'ஃபேமிலி மட்டும்', 'சைவம் மட்டும்' என்று எழுதும்போது, நல்ல வாடகைதாரர்களில் பெரும்பகுதியை அவர் போன் வருவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுகிறார். 'சைவம் மட்டும்' என்பது பல தெருக்களில் சாதியைக் கேட்காமல் கேட்கும் வழி என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அதற்குப் பதில் வீட்டைப் பற்றி எழுதலாம். இரண்டு படுக்கையறை, முதல் மாடி, தனி மீட்டர், இரண்டு பைக்குக்கு இடம், அதிகபட்சம் மூன்று பேர், பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, பதிவு செய்த ஒப்பந்தம் கட்டாயம். இதைப் படித்துவிட்டு ஆறு பேராக வர நினைப்பவர் போன் போடமாட்டார்.

போன் வந்தால் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. எங்கே வேலை? மாதச் சம்பளம் எவ்வளவு? முன்பு இருந்த வீட்டு உரிமையாளர் நம்பர் தர முடியுமா? எத்தனை பேர், எவ்வளவு காலம்? எல்லாரும் ஆதார் கொடுத்துக் கையெழுத்துப் போடுவீர்களா? தவணை தவறாமல் வாடகை வருமா, வீடு பத்திரமாக இருக்குமா என்பதை இந்தப் பதில்கள் சொல்லும். கல்யாணம் ஆனவரா என்கிற பதில் அதைச் சொல்லாது. வாடகை பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்த குடும்பங்களின் கதை எந்த வீட்டுக்காரரிடம் கேட்டாலும் கிடைக்கும்.

வீடு தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மையைச் சொன்னால் நாலு வீடு கை நழுவிப் போகும், அது வலிக்கும்தான். ஆனால் மாடியில் இருக்கும்போது தினமும் ஒரு நாடகம் போட வேண்டாம், தெரிந்துவிட்டால் ஒரே நாளில் பெட்டியைக் கட்டவும் வேண்டாம். "நாங்க ரெண்டு பேருங்க, கல்யாணம் ஆகல, ரெண்டு பேர் பேர்லயும் ஒப்பந்தம் போடலாம், போன மூணு மாசச் சம்பளச் சீட்டு இருக்குது" என்று முதல் போனிலேயே சொல்லிப் பாருங்கள். ஐந்தாவது கேட்டில் ஒருவர், "சரி, சாயங்காலம் வந்து வீட்டப் பாருங்க" என்று சொல்லக்கூடும். அவர் வீட்டில் குடியேறும்போது, உங்கள் இருவர் கையெழுத்தும் உள்ள ஒப்பந்தத்தின் ஒரு நகலை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.